வேலைவாய்ப்பு யார் பொறுப்பு, மத்தியா மாகாணமா? கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தரமுல்லை டென்சில் கொப்பேகடுவ மாவத்தையில் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இருக்கிறது. அதே வீதியில்தான் மேல் மாகாண சபையின் அலுவலகத் தொகுதியும். முன்னது மத்திய அரசாங்கத்தின் கந்தோர், பின்னது மாகாணத்தின் கந்தோர். மற்ற மாகாணங்களில் "கொழும்புக்குப் போகணும்" என்றாலே மத்திய அரசாங்க வேலை என்று விளங்கிவிடும். கொழும்பிலோ இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், எந்த மனுவை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் அலைகிறவர்கள் அதிகம். அவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும் கீழே.

வேலைவாய்ப்பு மாகாண சபைக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரமா, இல்லையா?

பாதி. 1987இல் வந்த 13ஆம் திருத்தம் அரசியலமைப்பில் ஒன்பதாம் அட்டவணையைச் சேர்த்தது. அதில் மூன்று நிரல்கள் உண்டு: மாகாண சபை நிரல், ஒதுக்கிய நிரல், ஒருங்கிய நிரல்.

வேலைவாய்ப்பு என்ற சொல் ஒருங்கிய நிரலில் வருகிறது. மாகாண மட்டத்தில் வேலைவாய்ப்பைத் திட்டமிடல், மாகாணத்துக்கான விசேட வேலைவாய்ப்புத் திட்டங்கள், இளைஞர் வேலைவாய்ப்பை ஊக்குவித்தல், தொழில்நுட்ப ஆளணியை வளர்த்தல் ஆகிய நான்கும் அங்கேதான் இருக்கின்றன. மனிதவலுத் திட்டமிடலும் வேலைவாய்ப்புத் தரவு வங்கியும் அதே நிரலில், திட்டமிடல் என்ற தலைப்பின் கீழ் வருகின்றன.

சம்பளம், வேலை நேரம், சேமலாப நிதி, வேலைநீக்கம், தொழிற்சங்கம் போன்ற தொழிலாளர் சட்ட விடயங்கள் மாகாண நிரலிலும் இல்லை, ஒருங்கிய நிரலிலும் இல்லை. இரண்டிலும் சொல்லப்படாத எதுவும் ஒதுக்கிய நிரலுக்குப் போகும் என்பது விதி. ஆகவே அவை முழுக்க மத்தியின் கையில். குடிவரவு குடியகல்வும் தொகைமதிப்பும் புள்ளிவிபரமும் பெயர் சொல்லியே மத்திக்கு ஒதுக்கப்பட்டவை.

"ஒருங்கிய" என்றால் இரண்டு பேரும் சேர்ந்து செய்வதா?

சொல் அப்படித்தான் காட்டுகிறது. சட்டம் சொல்வது வேறு. ஒருங்கிய நிரலில் உள்ள ஒரு விடயத்தில் பாராளுமன்றம் சட்டம் செய்யலாம், ஆனால் மாகாண சபைகளைக் கலந்தாலோசிக்க வேண்டும். மாகாண சபையும் நியதிச்சட்டம் செய்யலாம், ஆனால் பாராளுமன்றத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும். இரண்டும் முரண்பட்டால், முரண்படும் அளவுக்கு நியதிச்சட்டம் செல்லாது. அதோடு, எந்த விடயத்திலும் தேசியக் கொள்கை வகுப்பது மத்தியின் ஒதுக்கிய அதிகாரம். கலந்தாலோசித்தல் வேறு, சம்மதம் வாங்குதல் வேறு.

மாகாண நிரலில் உள்ள விடயத்துக்கு மத்தி கைவைத்தால் கதை மாறும். சமுர்த்தி அதிகாரசபையை உள்ளடக்கிய திவிநெகும சட்டமூலத்தை முதலில் எல்லா மாகாண சபைகளுக்கும் அனுப்ப வேண்டும் என்று 2012இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. வாழ்வாதாரத் திட்டம் ஒன்றுக்கு மாகாண அதிகாரம் உண்மையிலேயே குறுக்கே நின்ற சந்தர்ப்பம் அது. அப்படிப்பட்ட சந்தர்ப்பங்கள் அதிகமில்லை.

கொழும்பில் வாழ்க்கைச் செலவு கூட. மேல் மாகாண சபை இங்கே மட்டும் குறைந்தபட்சச் சம்பளத்தைக் கூட்டலாமா?

முடியாது. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றே. அது தொடங்கும்போது மாதம் 10,000 ரூபாய். 2021இல் 12,500, 2024இல் 17,500, 2025 ஏப்ரலில் இருந்து 27,000, 2026 ஜனவரியில் இருந்து 30,000. பம்பலப்பிட்டிக் கடையிலும் முல்லைத்தீவுக் கடையிலும் அதுதான் அடித்தளம். வித்தியாசம் வருவது மாகாணத்தால் அல்ல, தொழில்துறையால்: 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு துறைக்கும் தனிச் சபை உண்டு. தேயிலைத் தோட்டத்துக்கான நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாக்கப்பட்டது அந்த வழியாகத்தான்.

தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி பார்ப்பவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும். இந்தியாவில் தொழிலாளர் விடயம் பொதுப் பட்டியலில் இருக்கிறது, மாநில அரசே பல துறைகளுக்குக் குறைந்தபட்சக் கூலி அறிவிக்கிறது. அந்தச் செய்தியை வைத்து இங்கே எதையும் கணக்குப் போடக்கூடாது.

அப்படியானால் மாகாணம் உண்மையில் எந்த வேலைகளைக் கொடுக்கிறது?

தன் சொந்த ஊழியர்களை. மாகாணப் பாடசாலைகளின் ஆசிரியர்கள், மாகாண அமைச்சுகள் மற்றும் திணைக்களங்களின் முகாமைத்துவ உதவியாளர்கள், பிரதேச வைத்தியசாலைகளின் சிற்றூழியர்கள், உள்ளூராட்சி மன்றங்களின் ஊழியர்கள் ஆகியோர் இதில் அடங்குவர். நியமன அதிகாரம் ஆளுநருடையது, அவர் அதை மாகாண பொதுச்சேவை ஆணைக்குழுவுக்குக் கையளிக்கலாம்.

ஒரே கட்டடத்துக்குள் இரண்டு முதலாளி இருப்பதும் உண்டு. மாகாண வைத்தியசாலையில் வேலை செய்யும் டாக்டர் மத்திய சுகாதார அமைச்சால் நியமிக்கப்பட்டவர், அங்கே கூட்டித் துடைப்பவர் மாகாணத்தின் ஊழியர். கொழும்பு தேசிய வைத்தியசாலையும் களுபோவிலையும் முழுக்க மத்தியுடையவை. றோயல் கல்லூரி போன்ற தேசிய பாடசாலைகளுக்கு ஆசிரியரை அனுப்புவது இசுருபாயவில் உள்ள மத்திய கல்வி அமைச்சு, மாகாணப் பாடசாலைக்கு மேல் மாகாணக் கல்வித் திணைக்களம். கல்வியியற் கல்லூரி முடித்தவர்களின் முதல் நியமனம் மத்திய அமைச்சிலிருந்து வரும். பட்டதாரிகளை மாகாணமே போட்டிப் பரீட்சை வைத்து எடுக்கும்.

சந்தேகம் வந்தால் நியமனக் கடிதத்தின் அடியில் யார் கையெழுத்து என்று பாருங்கள். அமைச்சின் செயலாளரா, மாகாணப் பிரதம செயலாளரா, மாகாண ஆணைக்குழுவின் செயலாளரா? சம்பள உயர்வு, ஒழுக்காற்று, இடமாற்றம், ஓய்வூதியக் கோப்பு எல்லாம் அந்தக் கையெழுத்தின் பின்னால்தான் போகும்.

பாடசாலையில் ஆசிரியர் இல்லை, வெளியே பட்டதாரிகள் நிற்கிறார்கள். மாகாணம் ஏன் ஆள் எடுக்கவில்லை?

மாகாணத்துக்கு நியமிக்கும் அதிகாரம் இருக்கிறது, சம்பளம் கொடுக்கும் பணம் பெரும்பாலும் இல்லை. அதுதான் இந்தப் பகிர்வின் முடிச்சு.

ஆளெடுப்பு இந்த வரிசையில் நகரும். முதலில் அந்தப் பதவி அங்கீகரிக்கப்பட்ட ஆளணியில் இருக்க வேண்டும், புதிய பதவிக்கு திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் சம்மதம் தேவை. இரண்டாவது, ஆட்சேர்ப்புத் திட்டம் அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும். மூன்றாவது, நிதி. மாகாணச் சம்பளங்கள் பெரும்பாலும் நிதி ஆணைக்குழுவின் சிபாரிசின்படி மத்தி தரும் தொகுதிக் கொடையில் இருந்து போகின்றன. நான்காவது, 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் வந்த தடை: பிரதமரின் செயலாளர் தலைமையிலான குழு ஒன்று அரச துறை ஆட்சேர்ப்புகளை ஆராய்ந்து அனுமதிக்க வேண்டும். இந்த நான்கில் எது தடைப்பட்டாலும் வெற்றிடம் வெற்றிடமாகவே கிடக்கும். "வெற்றிடம் இருக்கு" என்று பத்திரிகையில் வந்ததற்காக விண்ணப்பம் கோருவார்கள் என்று நம்பி வேறு வேலையை விடுவது புத்தியல்ல.

மேல் மாகாணம் பணக்கார மாகாணம்தானே என்பார்கள். முன்பு புரள்வு வரியை மாகாணமே வசூலித்தது. 2011இல் அது நிறுத்தப்பட்டு, பதிலாக தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றிலொரு பங்கு, முத்திரைத் தீர்வை, வாகனப் பதிவுக் கட்டணத்தில் 70 சதவீதம் என்று மாற்றப்பட்டது. அந்தத் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியும் 2019 கடைசியில் எடுபட்டுவிட்டது. வரி வைக்கும் சுதந்திரம் இல்லாத இடத்தில் ஆள் எடுக்கும் சுதந்திரமும் சுருங்கத்தான் செய்யும்.

மாகாண சபையே கலைந்து கிடக்கிறதே, முடிவெடுப்பது யார்?

மேல் மாகாண சபைக்கு கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 மார்ச்சில். அதன் காலம் 2019 ஏப்ரலில் முடிந்தது. அதன்பின் ஆளுநரும் பிரதம செயலாளரும் நிர்வாகத்தை நடத்துகிறார்கள். நியமனங்கள் நிற்கவில்லை, ஏனென்றால் அந்த அதிகாரம் முன்பிருந்தே ஆளுநரிடம்தான். நின்றுபோனது நியதிச்சட்டம் செய்வது. ஆகவே மாகாண வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றைப் புதிதாகச் சட்டமாக்க இப்போது ஆளில்லை. ஆளுநர் ஜனாதிபதியால் நியமிக்கப்படுபவர் என்பதால், மாகாணத்தின் பக்கம் நின்று மத்தியோடு வாதாடவும் ஆளில்லை.

பிரதேச செயலகம் மாகாணத்துடையதா?

இல்லை, மத்தியுடையது. 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் அதற்கு அடிப்படை. கொழும்பு மாவட்டத்தில் 13 பிரதேச செயலகங்கள் உண்டு, மாநகர எல்லைக்குள் கொழும்பு, திம்பிரிகஸ்யாய என இரண்டு. மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தரும், வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பானவரும் அங்கே இருப்பார்கள். வேலை தேடுபவராகப் பதிவு செய்வது, தொழில் வழிகாட்டல், பயிற்சிக்குப் பரிந்துரை எல்லாம் இலவசம். பதிவு செய்தால் அரசாங்க வேலை வரும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் தனியார் துறை வெற்றிடங்களுக்குத்தான் இணைத்துவிடுவார்கள்.

மாகாணப் பதவிக்கு விண்ணப்பிக்கும்போது எதில் பிசகுகிறது?

முதலாவது, வதிவிடம். மாகாண விளம்பரங்களில் வழக்கமாக, முடிவுத் திகதிக்கு முந்திய மூன்று வருடம் தொடர்ந்து அந்த மாகாணத்தில் நிரந்தரமாக வசித்திருக்க வேண்டும் என்று இருக்கும். வெள்ளவத்தையில் வாடகை அறையில் ஐந்து வருடம் இருந்தும், வாக்காளர் இடாப்பில் பெயர் வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ இருப்பவர்கள் இந்த இடத்தில்தான் கழன்று போகிறார்கள். கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் கொடுப்பது இடாப்பைப் பார்த்துத்தான், பிரதேச செயலாளர் மேலொப்பமிடுவதும் அதை வைத்துத்தான். கொழும்பிலேயே வேலை பார்க்க நினைப்பவர் இடாப்புப் பதிவை முன்கூட்டியே மாற்றிக்கொள்ள வேண்டும். விளம்பரம் வந்தபின் ஓடினால் மூன்று வருடம் பின்னால் போகாது.

இரண்டாவது, பெயரில் மயக்கம். அரசாங்க முகாமைத்துவ உதவியாளர் சேவையும் மாகாண முகாமைத்துவ உதவியாளர் சேவையும் வேறு வேறு. வேலை ஒன்றுபோல இருக்கும், பரீட்சையும் விண்ணப்பமும் வேறு. மத்திய பதவிகள் வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் முதலாம் பகுதி இரண்டாம் அ பிரிவில் வரும். மாகாணப் பதவிகளை மாகாண பொதுச்சேவை ஆணைக்குழுவின் அல்லது பிரதம செயலகத்தின் இணையத்தளத்திலும் பார்க்க வேண்டும். வர்த்தமானியை மட்டும் நம்பியிருப்பவர் மாகாண விளம்பரங்கள் சிலவற்றைத் தவறவிடுவார்.

மூன்றாவது, மொழி மூலம். தமிழ் மூலம் என்று ஒருதரம் குறித்துவிட்டால் பிறகு மாற்ற விடமாட்டார்கள். தமிழில் எழுதித் தெரிவானவர் நியமனக் கடிதத்தில் சொல்லும் காலத்துக்குள் சிங்களத் தேர்ச்சியைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் சம்பள ஏற்றமும் உறுதிப்படுத்தலும் தள்ளிப்போகும்.

நான்காவது, உரிய திகதியில் தகைமை. பட்டம் செல்லுபடியாகும் திகதி விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன்னதாக இருக்க வேண்டும். பட்டமளிப்பு விழாத் திகதியை எழுதிவிட்டுத் தவிக்கிறவர்கள் ஏராளம். பல்கலைக்கழகக் கடிதத்தில் உள்ள செல்லுபடித் திகதியைத்தான் எழுத வேண்டும்.

அங்கவீனமுள்ளவர்களுக்கு அரச துறை வெற்றிடங்களில் 3 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்ற 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை உண்டு. விண்ணப்பத்திலேயே அதைக் குறிப்பிடுங்கள், நேர்முகத்தில் சொல்வது பிந்தியது.

தொழிற்பயிற்சியில் யார் பங்கு என்ன?

தரம் போடுவது மத்தி. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு, நாரஹேன்பிட்டி நிபுணதா பியசவில் இருக்கிறது. தேசிய தொழில் தகைமை, அதாவது என்விகியூ, ஏழு மட்டம்: 4 வரை கைவினைத் தேர்ச்சி, 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். பயிற்சி கொடுப்பதில் தொழிற்பயிற்சி அதிகாரசபை, நைட்டா (தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை), மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரி எல்லாம் மத்தியுடையவை. மாகாணத் திணைக்களங்களும் உள்ளூராட்சி மன்றங்களும் தையல், கணினி, அழகுக்கலை போன்ற வகுப்புகள் நடத்துகின்றன.

ஏமாற்றம் வருவது சான்றிதழில். பயிற்சி நிலையம் ஆணைக்குழுவில் பதிவாகியிருப்பது ஒன்று, அந்தக் குறிப்பிட்ட பாடநெறி தரச்சான்று பெற்றிருப்பது இன்னொன்று. இரண்டாவது இல்லாவிட்டால் கையில் கிடைப்பது வெறும் வருகைச் சான்றிதழ்தான், வெளிநாட்டு வேலைக்கு அது உதவாது. சேருமுன் "இந்தக் கோர்ஸுக்கு என்விகியூ எத்தனையாம் மட்டம்?" என்று எழுத்தில் கேளுங்கள்.

படிக்காமல் கைவேலை பழகிய மேசன், வயரிங் பாஸ், மெக்கானிக் ஆகியோருக்கு முன்கற்றலை அங்கீகரிக்கும் வழி நைட்டாவில் உண்டு. செய்த வேலைகளின் புகைப்படம், வேலை கொடுத்தவர்களின் கடிதம் எல்லாவற்றையும் கோப்பாகக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்ட வேண்டும்.

தனியார் கம்பனி ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டவில்லை. மாகாண சபையிடம் முறையிடலாமா?

பயனில்லை. தொழில் திணைக்களத்திடம் போக வேண்டும். எந்தத் தொழில் அலுவலகம் என்பதை உங்கள் வீடு அல்ல, வேலைத்தலம் இருக்கும் இடம் தீர்மானிக்கும். வத்தளையில் இருந்து கொம்பனித்தெருவுக்கு வேலைக்கு வருபவர் கொழும்பில்தான் முறையிட வேண்டும்.

கணக்கு இதுதான். மாத வருமானம் 60,000 என்றால் உங்கள் 8 சதவீதம் 4,800, முதலாளியின் 12 சதவீதம் 7,200, அதற்கு மேல் ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3 சதவீதம் 1,800. ஈ.டி.எஃப்பை உங்கள் சம்பளத்தில் வெட்டக்கூடாது. அடிப்படைச் சம்பளம் 30,000 என்று காட்டி மிச்சத்தை "அலவன்ஸ்" என்று போட்டு அரைவாசிக்கு மட்டும் கட்டுவது கொழும்பில் சாதாரணமாக நடக்கும் தந்திரம். வாழ்க்கைச் செலவுப் படி, உணவுப் படி, கமிஷன் எல்லாம் கணக்கில் சேரும். ஓ.டி. சேராது.

நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், அங்கத்துவ இலக்கம், வங்கிக் கூற்று ஆகியவற்றின் பிரதிகளோடு போங்கள். நியமனக் கடிதமே தராத இடமென்றால், சம்பளம் வரவு வைக்கப்பட்ட வங்கிக் கூற்றும் வாட்ஸ்அப் செய்திகளும் உதவும். பிந்திக் கட்டினால் முதலாளிக்கு 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிக அறவீடு, கட்டாவிட்டால் ஆணையாளர் நீதவான் நீதிமன்றம் வழியாக அறவிடலாம். நிதியை முதலீடு செய்வது மத்திய வங்கி, அங்கே போய் முதலாளியைப் பற்றி முறையிட வேண்டாம்.

வேலையால் நிறுத்திவிட்டார்கள்.

15 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணமின்றி நிறுத்துவதற்கு அவருடைய எழுத்து மூலச் சம்மதம் அல்லது தொழில் ஆணையாளரின் முன் அனுமதி தேவை. அது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். மற்றவர்கள் தொழில் நியாயசபைக்கு ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். பேச்சுவார்த்தை நடக்கிறது என்று நம்பி ஆறு மாதத்தையும் விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை.

ஐந்து வருடம் முடித்திருந்தால் பணிக்கொடை உண்டு: கடைசி மாதச் சம்பளத்தில் பாதி, ஒவ்வொரு வருடத்துக்கும். 60,000 ரூபாய்க்கு எட்டு வருடம் என்றால் 2,40,000, முப்பது நாளுக்குள். 15 பேருக்குக் குறைந்த இடமென்றால் அதையும் நியாயசபை மூலம்தான் கேட்க வேண்டும். அரசாங்க ஊழியருக்கு இந்தக் கதவுகள் திறக்காது.

பஸ் சாரதி, நடத்துனர் எந்தப் பக்கம்?

இரண்டு பக்கமும். மேல் மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸின் வழி அனுமதி மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபையுடையது, மாகாணம் தாண்டி ஓடினால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுடையது. ஆனால் முதலாளி ஈ.பி.எஃப் கட்டினாரா என்பது எங்கே ஓடினாலும் தொழில் திணைக்களத்தின் விடயம். நாட்கூலிக்கு ஓடுபவரும் ஊழியர்தான்.

மாகாணத்தில் இருந்து மாகாணத்துக்கு ஆசிரியர் இடமாற்றம் ஏன் இவ்வளவு கஷ்டம்?

முதலாளி மாறுவதால். விடுவிக்க ஒரு மாகாணமும் ஏற்க மற்ற மாகாணமும் சம்மதிக்க வேண்டும். ஒரே பாடம், ஒரே மொழி மூலம் உள்ள இருவர் பரஸ்பரம் மாறினால் சுலபம், இரண்டு பக்கமும் வெற்றிடம் உண்டாவதில்லை.

வேலையின்மை வீதம் யார் கணக்கிடுவது?

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம், காலாண்டுக்கு ஒருமுறை. 2023இல் நாட்டின் வீதம் 4.7 சதவீதம். எண் சின்னதாகத் தெரிவதற்குக் காரணம் வரைவிலக்கணம்: அந்த வாரத்தில் ஒரு மணித்தியாலம் வேலை செய்தவரும் தொழிலில் உள்ளவராகவே எண்ணப்படுவார், தேடுவதையே விட்டவர் கணக்கில் வரமாட்டார். மாகாணத் திட்டமும் இதே எண்களை வைத்துத்தான் போடப்படுகிறது.

மாகாணத் தெரிவில் அநியாயம் நடந்ததாக நினைத்தால்?

முதலில் ஆதாரம் எடுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மாகாண நிறுவனங்களுக்கும் பொருந்தும். உங்கள் புள்ளிகள், வெட்டுப்புள்ளி, நேர்முகப் புள்ளித் திட்டம் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். "ஏன் என்னை எடுக்கவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் அல்ல. "நேர்முகத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் எனக்குக் கிடைத்த புள்ளி என்ன?" என்று கேளுங்கள்.

கூடவே மாகாண பொதுச்சேவை ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு அனுப்புங்கள், பதிவுத் தபாலில். ஆனால் அதன் பதிலுக்காகக் காத்திருந்து நாளைத் தொலைக்கக்கூடாது: சமத்துவ உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. முறைப்பாட்டு இலக்கம் உள்ள கடிதத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள்.